கைப்பட்டியை யாழ்ப்பாணத்துக்குப் பழக்குதல்: அன்றாட உடற்பயிற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலடியையும் இதயத் துடிப்பையும் எண்ணும் கைப்பட்டியொன்று எனக்கு வந்தது, ரொறன்ரோ நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெறாமகள் அங்கே சில மாதங்கள் கட்டிப் பார்த்துவிட்டு, புதிது வாங்கியதும் பழையதை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். விடிய ஐந்தரைக்கு நல்லூர்க் கோயில் வீதியில் நடந்துகொண்டிருந்த என் கையில் அது முதல் நாள் இரவு எட்டு மணியைக் காட்டியது. இலக்கில் பாதிகூட வரவில்லை என்று அதிர்ந்து வேறு எச்சரித்தது. அவளுடைய வயது, உயரம், பனிக்கால நடை எல்லாம் அதற்குள் இருந்தன. என்னைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

நேரத்தைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. மற்றதைத் திருத்த எனக்கு மூன்று மாதம் எடுத்தது. பட்டியில் தெரியும் எண்களில் பெரும்பாலானவை அளவுகள் அல்ல, கணிப்புகள். யாரோ ஓர் ஊரில், யாரோ ஒருவருடைய நடையை வைத்துச் செய்த கணிப்புகள். நாமோ சைக்கிள் மிதிப்பவர்கள், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கு எதிராக மிதிப்பவர்கள், மேடென்று சொல்ல ஒன்றும் இல்லாத குடாநாட்டில் வசிப்பவர்கள். 'ஏறிய மாடிகள்' என்ற கணக்கு எனக்கு முதல் மாதம் முழுவதும் பூச்சியமாகவே இருந்தது. ஆகவே பட்டி சொல்வதைக் கேட்பதற்கு முன் நம்முடைய உடம்பையும் ஊரையும் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அதற்காகத்தான். ஓட்டப் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு இது போதாது. நாற்பது தாண்டி, வைத்தியர் "கொஞ்சம் நடவுங்கள்" என்று சொல்லி அனுப்பியவர்களை நினைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: வாங்குவதற்கு முன்

சில ஆயிரம் ரூபாவிலிருந்து இலட்சத்தைத் தாண்டியும் கைப்பட்டிகளும் ஸ்மார்ட் கடிகாரங்களும் கிடைக்கின்றன. அன்றாட நடைக்கும் சைக்கிளுக்கும் விலை கூடியது தேவையில்லை. இதயத் துடிப்பை நாள் முழுவதும் தொடர்ந்து அளக்க வேண்டும். பங்குனி வெயிலில் திரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடைக்குள் பார்த்துவிட்டு வாங்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். வார் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும், வியர்வையில் முதலில் பழுதாவது அதுதான். பற்றரி குறைந்தது ஐந்து நாள் தாங்கினால் நல்லது. தினமும் சார்ஜ் போட வேண்டிய பொருளை நாம் தினமும் மறப்போம்.

50 மீற்றர் நீர்த்தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். அந்த ஆழத்துக்கு முக்குளிக்கலாம் என்பது அதன் பொருள் அன்று. அசையாத நீரில் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதே சோதனை. கீரிமலைக் கேணியில் நீந்துவதற்கு அது போதும்.

ஜிபிஎஸ் பட்டிக்குள்ளேயே இருந்தால் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். இல்லாவிட்டால் கைபேசியின் ஜிபிஎஸ்ஸைப் பட்டி கடன் வாங்கும், இரண்டையும் கொண்டுபோக வேண்டும். இதற்காக அதிகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் கடிகாரம் என்று முகநூலில் ஓயாமல் விளம்பரம் வருகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் இதைப்பற்றி எச்சரித்தது. தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அது சொன்னது. சலரோகத்துக்கு இன்சுலின் போடுகிறவர் அந்தப் பொய் எண்ணைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. பிரஷர் அளப்பதாகச் சொல்லும் மலிவுப் பட்டிகளும் அப்படித்தான். மேற்கையில் காற்றடித்து இறுக்கும் கருவிதான் அதற்கு.

படி 2: முதல் அரை மணித்தியாலம்

பழைய பட்டி என்றால் முன்னையவரின் கணக்கிலிருந்து நீக்கி, முற்றாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். புதியதென்றாலும் பட்டிக்குரிய கைபேசிச் செயலியில் இவற்றைப் பாருங்கள்: நேர வலயம், மைலா கிலோ மீற்றரா, பிறந்த ஆண்டு, உயரம், நிறை, எந்தக் கை. வயதைக் குறைத்துப் போட ஆசை வரும். போட்டால் இதயத் துடிப்பு வலயங்கள், அதாவது எத்தனை துடிப்பு நடுத்தரம், எத்தனை கடுமை என்ற எல்லைகள், எல்லாம் பிழைக்கும்.

பிறகு அறிவிப்புகள். உறவுக்காரர் குழுவில் விடியற்காலை வரும் காலை வணக்கப் பூக்கள் ஒவ்வொன்றுக்கும் கை அதிர்ந்தால் மூன்றாம் நாளே பட்டி அலுமாரிக்குள் போய்விடும். அழைப்பை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை நிறுத்துங்கள். சில மலிவான பட்டிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும், செய்தியைப் படிக்க எப்படியும் கைபேசியை எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

படி 3: எங்கே, எவ்வளவு இறுக்கமாக

பட்டியின் அடியில் பச்சை வெளிச்சம் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் பட்டி துடிப்பைச் சொல்கிறது. தோலுக்கும் பட்டிக்கும் இடையில் வெளியொளி புகுந்தாலோ பட்டி வழுகி ஆடினாலோ எண்ணிக்கை கெடும். அடர்த்தியாகப் பச்சை குத்திய இடத்திலும் கெடும்.

ஆகவே நடக்கப் போகும்போது மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள். பட்டியை அசைத்தால் தோலும் சேர்ந்து அசைய வேண்டும், ஆனால் கழற்றியபின் ஆழமான தடம் இருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு துளை தளர்த்திவிடுங்கள்.

கை எது என்பதும் முக்கியம். என் மனைவி வலக்கையில் கட்டியிருந்தாள். ஒருநாள் காலையில் பலகையில் உட்கார்ந்து அரைத் தேங்காய் திருவி முடித்தபோது அவளுடைய கணக்கில் 84 காலடிகள் ஏறியிருந்தன. உட்கார்ந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை. "இனிக் கோயிலுக்கு நடக்கத் தேவையில்லை, இன்னொரு தேங்காய் திருவினால் போதும்" என்றாள். அன்றே இடக்கைக்கு மாற்றினோம். செயலியிலும் இடக்கை என்று மாற்ற வேண்டும், மறக்காதீர்கள்.

படி 4: காலடிக் கணக்கைச் சரிபார்த்தல்

பட்டிக்குள் இருப்பது மூன்று திசைகளிலும் அசைவை உணரும் ஒரு சிறு உணரி. கால் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. கையின் ஆட்டத்தில் நடைக்குரிய ஒழுங்கு தெரிந்தால் எண்ணும், தெரியாவிட்டால் விடும். இதை ஒருமுறை உங்கள் கையாலேயே சோதித்துப் பார்த்துவிட்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள்.

பட்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மனதுக்குள் எண்ணியபடி 200 காலடி நடவுங்கள். நூறுக்கு ஒரு விரலை மடக்கினால் எண்ணிக்கை தவறாது. 190க்கும் 210க்கும் இடையில் பட்டி சொன்னால் போதும், அதற்கு மேல் துல்லியம் நமக்கு வேண்டாம். இனி இதே 200 காலடியைச் சைக்கிளை உருட்டியபடி நடவுங்கள். நான் செய்தபோது 61 வந்தது. கைகள் ஹாண்டிலில் அசையாமல் இருந்ததுதான் காரணம். குடை பிடித்து நடந்தாலும், காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு நடந்தாலும், அர்ச்சனைத் தட்டத்தை இரு கையாலும் ஏந்தி வீதி சுற்றினாலும் குறைந்துதான் வரும். எதிர்ப்பக்கமும் உண்டு. குண்டும் குழியுமான ஒழுங்கைக்குள்ளால் மோட்டார் சைக்கிளில் போய் வந்த ஒரு நாளில் நடக்காமலே சில நூறு காலடிகள் சேர்ந்திருந்தன.

தூரத்தைச் சரிசெய்வதற்கு ஏ9 போன்ற பிரதான வீதிகளில் நட்டிருக்கும் கிலோ மீற்றர் கற்கள் உதவும். விடியற்காலையில் வாகனம் குறைந்த நேரம் பார்த்து, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை வழக்கமான வேகத்தில் நடந்து காலடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 1430 வந்தது. 1000 மீற்றரை 1430 ஆல் வகுத்தால் ஒரு காலடி ஏறத்தாழ 70 சென்ரி மீற்றர். பட்டி என் உயரத்தை வைத்துத் தானாக 76 என்று எடுத்திருந்தது. கிலோ மீற்றருக்கு எண்பது மீற்றருக்கும் மேல் எனக்கு இலவசமாகத் தந்துகொண்டிருந்திருக்கிறது! காலடி நீளத்தைக் கையால் போடும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தூரத்தைப் பார்க்காமல் காலடியை மட்டும் பாருங்கள்.

துடிப்புக்கும் ஒரு சோதனை. உட்கார்ந்திருந்து, பெருவிரலின் அடியில் மணிக்கட்டு நாடியை மற்றக் கையின் இரு விரலால் தொட்டு 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பட்டி சொல்வதும் நீங்கள் எண்ணியதும் நாலைந்துக்குள் ஒத்துவர வேண்டும்.

படி 5: இரண்டு கிழமை ஒன்றையும் மாற்றாதீர்கள்

இதுதான் எல்லோரும் தாண்டிப் போகும் படி. பட்டி கட்டிய உற்சாகத்தில் முதல் நாளே பத்தாயிரம் நடந்து, மூன்றாம் நாள் முழங்கால் வீங்கி, ஐந்தாம் நாள் பட்டியைக் கழற்றியவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பதினான்கு நாள் வழக்கம்போல இருங்கள். சந்தைக்குப் போவது, கடைக்குப் போவது, மத்தியானம் படுப்பது எதையும் மாற்ற வேண்டாம். ஒரு பழைய கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: காலடிகள், ஓய்வு நிலைத் துடிப்பு, அன்று விசேஷமாக ஏதும் செய்திருந்தால் அது. செயலியே எல்லாவற்றையும் சேமிக்கிறதே என்று கேட்பீர்கள். "மரவள்ளிக்குக் கொத்தினேன்" என்று செயலிக்குத் தெரியாது. மண்வெட்டியோடு ஒரு மணித்தியாலம் நின்ற நாளில் என் காலடிக் கணக்கு 2100. உடம்போ அடுத்த நாள் எழும்ப மறுத்தது.

இரண்டு கிழமை முடிவில் சராசரி எடுங்கள். எனக்கு வந்தது 3900. இந்த எண்தான் உங்கள் தொடக்கக் கோடு.

படி 6: இலக்கு வைத்தல்

பட்டி தானாக 10,000 என்று வைத்திருக்கும். அந்த எண் மருத்துவ ஆய்வொன்றிலிருந்து வந்ததன்று. 1964 ரோக்கியோ ஒலிம்பிக்கைத் தொடர்ந்து ஜப்பானில் நடைப்பழக்கம் பரவிய காலத்தில், 1965இல் ஒரு கடிகார நிறுவனம் காலடி எண்ணும் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'மன்போ-கெய்', அதாவது பத்தாயிரம் காலடி அளவி. விற்பனைக்கு வைத்த பெயர் அறுபது வருடமாக நம் மணிக்கட்டில் வந்து நிற்கிறது. சராசரி வயது 72 ஆன 16,741 அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில், நாளுக்கு 2700 காலடி நடந்தவர்களைவிட 4400 நடந்தவர்களின் இறப்பு வீதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7500 அளவில் அந்தப் பயன் சமநிலைக்கு வந்துவிட்டது. வயது போனவர்கள் பத்தாயிரத்தைத் துரத்தி மூச்சு வாங்கத் தேவையில்லை.

உங்கள் சராசரியோடு 500 அல்லது 1000 கூட்டி இரண்டு கிழமை வையுங்கள். கிழமையில் ஐந்து நாள் எட்ட முடிந்தால் மறுபடி கூட்டுங்கள். முடியாவிட்டால் அப்படியே விடுங்கள். 3900இல் தொடங்கிய நான் 4700, 5500 என்று ஏறி 7000இல் நிறுத்திவிட்டேன்.

எண்ணிக்கையைவிட வேகம்தான் வேலை செய்கிறது. வீட்டுக்கும் கிணற்றடிக்குமாக நாள் முழுவதும் சேரும் காலடிகளுக்குப் பயன் உண்டு, ஆனால் அதை உடற்பயிற்சி என்று எழுதக் கூடாது. வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தரத் தீவிரத்தில், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான தீவிரத்தில் உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். நிமிடத்துக்கு 100 காலடி என்பது பெரும்பாலானோருக்கு நடுத்தரத் தீவிரத்தின் தொடக்கம். ஆகவே அரை மணித்தியாலத்தில் 3000 காலடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியில் நடைப் பயிற்சியைத் தொடங்கிவிட்டு நடந்தால் நிமிடத்துக்கு எத்தனை என்று காட்டும்.

நடக்க இடம் தேடி அலைய வேண்டாம். ஆரியகுளத்தைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. கோட்டைப் பக்கமும் பண்ணைக் கடற்கரையும் காற்றோட்டமானவை. ஒருமுறை ஜிபிஎஸ் போட்டு ஒரு சுற்றின் நீளத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டால் பிறகு சுற்றை எண்ணினாலே போதும்.

படி 7: இதயத் துடிப்பை வாசித்தல்

உச்சத் துடிப்பைக் கணிக்க 220இலிருந்து வயதைக் கழிப்பது பழைய முறை. எனக்கு 57 வயது, ஆகவே 163. வயதின் 0.7 மடங்கை 208இலிருந்து கழிப்பது பின்னால் வந்த முறை, அதன்படி 168. இரண்டுமே சராசரிகள்தான், ஆளுக்கு ஆள் பத்துக்கு மேலும் மாறும். உச்சத்தில் 64 முதல் 76 சதவீதம் நடுத்தரம், 77க்கு மேல் கடுமை. 163ஐ வைத்துப் பார்த்தால் எனக்கு நடுத்தரம் என்பது 104 முதல் 124 வரை.

இந்தக் கணக்கைவிட எனக்கு நம்பிக்கையானது வாய்ச் சோதனை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் தேவாரம் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் நடை போதாது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமை. கதைக்கலாம், பாட முடியாது என்ற நிலையில் பட்டி என்ன எண் காட்டுகிறது என்று நாலைந்து நாள் பார்த்தால் உங்கள் சொந்த வலயம் தெரிந்துவிடும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ 'பீற்றா புளொக்கர்' மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மருந்து துடிப்பை ஏற விடாது, எந்தச் சூத்திரமும் அவர்களுக்குப் பொருந்தாது. வைத்தியரிடம் எண்ணைக் கேளுங்கள்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதே பாதையில் அதே வேகத்தில் விடிய ஐந்தரைக்கு நடந்தபோது எனக்கு 108. சித்திரையில் ஒருநாள் பிந்தி எட்டரைக்குப் போனபோது 121. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாக உழைக்கிறது. பலன் கூடியது என்று மகிழாதீர்கள், அன்றைக்கு வேகத்தைக் குறைத்துத் தண்ணீர் குடியுங்கள்.

இனி நாய்கள். என் வரைபடத்தில் ஒவ்வொரு நாளும் பதினோராம் நிமிடத்தில் ஒரு கூர்மையான சிகரம் வரும். ஒழுங்கை முடக்கில் நிற்கும் மூன்று நாய்கள்தான் அது. பட்டி அதைத் தீவிரப் பயிற்சி என்று பதிந்து பாராட்டியிருந்தது. இப்போது தடியொன்று கொண்டுபோகிறேன், சிகரம் குறைந்துவிட்டது.

இன்னொரு பிழை நுணுக்கமானது. பட்டி தளர்ந்திருந்தால் துடிப்புக்குப் பதிலாகக் காலடியின் தாளத்தை எண்ணத் தொடங்கிவிடும். மூச்சே வாங்காத நடையில் 118 என்று அசையாமல் நின்றால், நிமிடத்துக்கு எத்தனை காலடி என்று பாருங்கள். அதுவும் 118 என்றால் பட்டியை மேலே ஏற்றி இறுக்குங்கள்.

ஓய்வு நிலைத் துடிப்பு வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 60 முதல் 100. உங்களுடையது எது என்பதைக் கொப்பி சொல்லும். எனக்கு 71. மார்கழியில் ஒருநாள் காரணமில்லாமல் 83 காட்டியது, அன்று பின்னேரமே காய்ச்சல். மாரி மழைக்குப் பின் இங்கே டெங்குக் காலம் என்பதால், வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் ஏறியிருந்தால் நான் நடைக்குப் போவதில்லை. காய்ச்சலோடு ஒருநாளும் உடற்பயிற்சி வேண்டாம். என்ன காய்ச்சல் என்று பட்டி சொல்லாது, இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

படி 8: சைக்கிள், அதாவது காற்று

சைக்கிளில் காலடி ஏறாது. பத்துக் கிலோ மீற்றர் மிதித்துவிட்டு வந்த மனிதரைப் பார்த்து, எழும்பி நடக்கச் சொல்லும் பொருள் இது. புறப்படும்போதே வெளிச் சைக்கிள் ஓட்டம் என்ற பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். ஹாண்டிலைப் பிடித்து மணிக்கட்டு மடங்கும்போது ஒளி உள்ளே புகும், ஆகவே நடையைவிட இன்னும் ஒரு விரல் மேலே கட்டுங்கள்.

வைகாசியில் ஒருநாள் பின்னேரம் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் 20 நிமிடம் மிதித்தேன். சோளகம் முகத்தில் அறைந்தது. இரு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை, சட்டை முதுகுப்புறம் பலூன்போல ஊதியது. வேகம் மணிக்கு 11 கிலோ மீற்றர், துடிப்பு சராசரி 138. அதே வீதியால் திரும்பியபோது காற்று முதுகில். வேகம் 19, துடிப்பு 98. செயலி திரும்பிய ஓட்டத்துக்குத்தான் நட்சத்திரம் தந்தது, வேகம் கூடியதாம். என் வயதுக் கணக்கில் 98 நடுத்தரத்தைக்கூட எட்டவில்லை. போன ஓட்டமோ கடுமை, அதன் ஒரு நிமிடம் நடுத்தர நிமிடங்கள் இரண்டுக்குச் சமம். கொப்பியில் போனதற்கு 40 என்றும் வந்ததற்குப் பூச்சியம் என்றும் எழுதினேன். சைக்கிளைப் பொறுத்தவரை வேகத்தையும் தூரத்தையும் மூடி வைத்துவிட்டுத் துடிப்பையும் நிமிடத்தையும் மட்டும் பாருங்கள்.

திருவிழாக் காலம்

நல்லூர்த் திருவிழா 25 நாளும் எல்லோருடைய வரைபடமும் எகிறும். வெறுங்காலோடு மணலில் நடப்பது முழங்காலின் கீழ்த் தசைகளுக்குப் பழக்கமில்லாத வேலை. அந்த நாள்களில் இலக்கை உயர்த்த வேண்டாம், அந்த எண்களைச் சராசரியிலும் சேர்க்க வேண்டாம். கைகூப்பியபடி நடந்தால் பாதிதான் எண்ணுப்படும். பிரதட்டை செய்ய, அதாவது வீதியில் உருண்டு வலம் வரப் போகிறவர்கள் பட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், மணலில் கண்ணாடி கீறும். சலரோகக்காரர் வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்தது அவர்களுக்கு உணர்வில் தெரியாமலே போகலாம்.

படி 9: நம்பாமல் பார்க்க வேண்டியவை

கலோரி. 2017இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் மணிக்கட்டுக் கருவிகள் ஏழைச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிழைக்குள் நின்றன. எரித்த சக்தியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது, மோசமானது 93 சதவீதம். ஆகவே பட்டி 300 என்று சொன்னதை நம்பி, திரும்பும் வழியில் றோல்ஸும் பால்தேநீரும் வாங்கிக் கணக்குத் தீர்க்கப் போகாதீர்கள்.

நித்திரை. படுத்த நேரத்தையும் எழும்பிய நேரத்தையும் ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த நித்திரை, கனவு நித்திரை என்று பிரித்துச் சொல்வதை நான் பார்ப்பதே இல்லை. திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலை ஒலிபெருக்கி எழுப்பிவிட்டதற்கு என்னுடைய நித்திரைக்குப் புள்ளி குறைப்பது எந்த நியாயம்?

தசைப் பயிற்சியைப் பட்டி ஏறக்குறைய காணாது. கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பதும் அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டலில்தான் இருக்கிறது. கதிரையில் உட்கார்ந்து எழும்புதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் போதும். எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதுங்கள்.

படி 10: பராமரிப்பு

வியர்வை உப்பும் சவர்க்காரமும் பட்டிக்கடியில் தங்கினால்தான் தோல் சிவந்து கடிக்கும். கடலில் இறங்கினாலும் வியர்த்தாலும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கேத்திலில் படியும் வெள்ளை இதிலும் படியும். காய விடாமல் துணியால் ஒற்றிவிட வேண்டும். சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளை முற்றாகக் காயவைத்த பிறகே சார்ஜ் போடுங்கள். நான் குளிக்கப் போகும்போது சார்ஜில் வைப்பேன், கழற்றவும் மறக்காது, கட்டவும் மறக்காது.

படி 11: உங்கள் பாதையை யார் பார்க்கிறார்கள்

உலகெங்கும் மக்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாகக் காட்டும் வரைபடமொன்றை ஸ்ராவா என்ற செயலி 2017 நவம்பரில் வெளியிட்டது. சில வாரங்கள் கழித்து 2018 ஜனவரியில், அதிலிருந்து இராணுவ முகாம்களின் அமைவிடங்களே தெரிகின்றன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. முகாமே தெரியும்போது உங்கள் படலை தெரியாதா? பயிற்சிகளை உங்களுக்கு மட்டும் தெரியும்படி அமையுங்கள். வீட்டுச் சுற்றாடலை மறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். தனியாக விடியற்காலையில் நடக்கும் பெண்கள் ஜிபிஎஸ் பாதையை ஒருபோதும் பொதுவில் பகிர வேண்டாம், வீட்டிலுள்ள ஒருவரோடு மட்டும் நேரடி அமைவிடத்தைப் பகிர்ந்தால் போதும்.

எப்போது பட்டியைப் பார்க்கக் கூடாது

நெஞ்சு இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத் திணறல், கண் இருட்டுதல். இவற்றில் ஒன்று வந்தால் நின்று உட்காருங்கள். பட்டியில் எண் சாதாரணமாக இருக்கிறதே என்று நடையைத் தொடராதீர்கள். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். சலரோகத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் சட்டைப் பையில் இரண்டு இனிப்பு வைத்திருக்க வேண்டும். கை நடுக்கமும் குளிர் வியர்வையும் சர்க்கரை இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம், அதைப் பட்டி வெறும் துடிப்பு ஏற்றமாகத்தான் காட்டும். ஒழுங்கற்ற துடிப்பு என்று பட்டி திரும்பத் திரும்ப எச்சரித்தால் பயப்படாமல், ஆனால் தள்ளிப் போடாமல், ஈசீஜி எடுத்துப் பாருங்கள்.

படி 12: மூன்று மாதச் சோதனை

முன்னேற்றத்தைப் பார்க்க ஒரே பாதை, ஒரே நேரம், ஏறத்தாழ ஒரே காற்று வேண்டும். ஆவணி தொடக்கத்தில் மறுபடியும் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் 20 நிமிடம் மிதித்தேன். சோளகம் இன்னும் விடவில்லை. வேகம் 12, துடிப்பு 129. வைகாசியில் 11க்கு 138. ஓய்வு நிலைத் துடிப்பு 71இலிருந்து 67. கொப்பியில் இரண்டு வரியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பெறாமகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பெரியப்பா, வேகம் அவ்வளவாகக் கூடவில்லையே" என்று அவள் பதில் போட்டாள். ரொறன்ரோவில் இருப்பவளுக்குச் சோளகத்தை எப்படி விளக்குவது என்று யோசித்துவிட்டு, ஒரு சிரிப்புப் படத்தோடு விட்டுவிட்டேன்.

ஐப்பசிக்குப் பின் காற்று வாடைக்குத் திரும்பும். அப்போது போகும்போது முதுகில் தள்ளும், வரும்போதுதான் பாடு. இந்த எண்களோடு அதை ஒப்பிட முடியாது. கொப்பியில் புதுப் பக்கம் திறக்க வேண்டும்.